மாவுப்பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்கலாமா?

பப்பாளி இலையின் அடியில் மாவு அப்பியதுபோல் வெள்ளையாகத் தெரிந்ததும் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் விவசாயிகளிடம் இன்னும் போகவில்லை. இது கைக்காசைக் கரைப்பதோடு, கூலியின்றி உழைக்கும் காவலாளியையும் கொன்றுவிடுகிறது.

மெக்சிகோ பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ஆம் ஆண்டு கோவையில் காணப்பட்டது. பப்பாளி மட்டுமன்றி மல்பெரி, மரவள்ளி, பருத்தி ஆகியவற்றின் சாற்றையும் உறிஞ்சிப் பெருஞ்சேதம் விளைவித்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. உடலை மூடியுள்ள மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். பஞ்சு போன்ற பைக்குள் இருக்கும் முட்டைகளை அது எட்டவே எட்டாது.

2010-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி கடுகளவுகூட இராது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். 2011-க்குள் பெரும்பாலான இடங்களில் தாக்குதல் தணிந்தது.

இருந்தும் பூச்சி சிறிது தலைகாட்டினால் பழையபடி மருந்துதான் நினைவுக்கு வருகிறது. மருந்தை விற்கக் கடை உண்டு. குளவியைப் பற்றி எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. கடுமையான பூச்சிகொல்லி குளவியை முதலில் கொல்லும். மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பிழைத்துப் பன்மடங்கு பெருகும்.

ஆகவே முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழுப்பாகி, உப்பி, துளை விழுந்த கூடுகள் இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அங்கே மருந்து கூடாது. பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகோடு மாவுப்பூச்சி போலவே தோன்றும்; பெரிதாகச் சுறுசுறுப்பாக ஊரும் அதை நசுக்கிவிடலாகாது. பூச்சிக்குப் புகலிடமாகும் பார்த்தீனியம், துத்தி போன்ற களைகளை அகற்ற வேண்டும். பூச்சியைக் காத்து நிற்கும் எறும்புப் புற்றுகளையும் அழிக்க வேண்டும். தாக்குதல் மிகுந்த கிளைகளை வெட்டி எரிக்கலாம். தெளித்தே தீர வேண்டுமானால் லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்து, தாக்கிய செடிகளுக்கு மட்டும் தெளித்தால் போதும்.

ஏழை விவசாயிக்கு மருந்துச் செலவு மிச்சமாவதே பெரிய லாபம். கடைக்குப் போகுமுன் இலையடியைப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் வர வேண்டும்.