ஐப்பசியில் நட்டால் சித்திரையில் பூக்கும்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கின்றோம். அன்று தொடக்கம் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணியளவிலேயே இருள் கவியத் தொடங்கிவிடுகின்றது. டிசெம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமாகச் சுருங்குகின்றது. யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். மாரி என்றால் மழை என்று மட்டுமே அறிந்திருந்தவர்கள் நாம். ஒளியும் நிறமும் ஒருங்கே மறைந்துபோகும் ஒரு காலத்தைக் கடக்கும் வழியை எமது முன்னோர் எமக்குச் சொல்லித் தரவில்லை. அதனை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இக்காலத்தின் பாரத்தை அதிகம் சுமப்பவர்கள் எமது வீடுகளிலுள்ள முதியவர்களே. பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்ற பின்னர், தொடர்மாடியின் பன்னிரண்டாம் தளத்தில் யன்னலோரமாக அமர்ந்து, சாம்பல் நிற வானத்தையும் கீழே வாகனத் தரிப்பிடத்தையும் பார்த்தபடி அவர்கள் பகலைக் கழிக்கின்றனர். பனியில் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் கோவிலுக்குப் போவதும் நின்றுவிடுகின்றது. "என்னம்மா செய்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லைப் பிள்ளை, மனந்தான் சரியில்லை" என்பதே விடை. அதற்கு மேல் நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

இதனை முதுமையின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடல் தகாது. குளிர்காலத்தில் ஒளி குறைவதனால் ஏற்படும் மனச்சோர்வை நோர்மன் ரொசென்தால் என்ற உளமருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஆராய்ந்து, அதற்கென ஒரு பெயரும் இட்டு, 1984 ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தனர். மிகுந்த நித்திரை, உடற்சோர்வு, எதிலும் நாட்டமின்மை என்பன வாரக்கணக்கில் நீடிக்குமாயின் குடும்ப வைத்தியரை நாட வேண்டும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. பூ மருந்தாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன்.

ஆயினும், கண் காண்பதற்கும் உடல் தேறுவதற்கும் தொடர்பு உண்டு. அதே 1984 ஆம் ஆண்டில் ரொஜர் உல்ரிக் என்பவர் 'சயன்ஸ்' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்தின் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். யன்னலூடாக மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர். கடும் வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சில மரங்களின் காட்சியே இவ்வளவு செய்யுமாயின், ஐந்து மாதமாக வாகனத் தரிப்பிடத்தையே பார்த்திருக்கும் ஒரு தாயின் அருகில் செந்நிறப் பூவொன்று மலர்ந்திருப்பது பயனற்றது என்று எவ்வாறு சொல்ல முடியும்?

எம்மவரின் ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காலத்தில் ஒரு பூங்கன்றாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பதே எனது கருத்து. இதனை ஆடம்பரமெனக் கருதாது, வீட்டில் அடைபட்டிருக்கும் முதியவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடன் எனக் கருத வேண்டும்.

இதற்கு எமது மத்தியில் வழக்கமாக எழும் மறுப்புகளை நான் அறிவேன். "பூவுக்குச் செலவழிக்கப் பணமேது?" என்பர் சிலர். பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கும் திருமணத்துக்கும் மண்டபம் நிறையப் பூக்களை வரவழைத்து, நள்ளிரவில் அவற்றைக் குப்பைப் பைகளில் கட்டிப் போடுகின்ற சமூகம் நாம். ஒரு மாலைக்குக் கொடுக்கும் விலையில் பாதியேனும் போதும், ஒரு யன்னல் முழுவதும் பூக்கும். "பராமரிக்க நேரமேது?" என்பர் வேறு சிலர். எத்தனையோ வீடுகளில் கறிவேப்பிலைக் கன்று பச்சைக் குழந்தையைப் போலப் பேணப்படுகின்றது. குளிர் தொடங்கு முன்னரே உள்ளே எடுத்து, வெயில் படும் இடம் பார்த்து வைத்து, இலைக்கு இலை துடைத்துக் காக்கின்றோம். கறிக்கு உதவும் கன்றுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு, மனத்துக்கு உதவும் கன்றுக்குக் கிடைக்கலாகாதா? பிளாஸ்ரிக் பூ வாடாது என்பதும் உண்மையே. ஆனால் அது வளர்வதுமில்லை. நாளை என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு அதில் எதுவுமில்லை.

மூன்றாவது மறுப்பு இவற்றினும் ஆழமானது. "இது எங்கள் மண்ணா? இங்கே நட்டு என்ன பயன்?" 1983 இன் பின்னர் இங்கு வந்து சேர்ந்தவர்களிற் பலர் பெட்டியை முழுமையாக அவிழ்க்காமலே வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு போய்விடுவோம் என்ற நினைப்பில் பத்து ஆண்டுகள் சென்றன. இன்று நான்கு தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஊரில் முற்றத்துச் செவ்வரத்தையையும் கிணற்றடி மல்லிகையையும் வேலியோரத்து அலரியையும் விட்டுவந்தவர்களுக்கு, இங்கே ஒரு கன்றை நடுவது அவற்றுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றக்கூடும். அந்த வலியை நான் மதிக்கின்றேன். எனினும் அதற்கு அடிபணிந்துவிடுவதை ஏற்கமாட்டேன்.

எமது பழந்தமிழ் இலக்கணத்தை எண்ணிப் பார்ப்போம். நிலத்துக்கும் வாழ்வுக்கும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பூக்களின் பெயரையே சூட்டிய இனம் எமது இனம். அவற்றுள் முல்லைக்குரிய காலம் கார். அதன் உரிப்பொருள் இருத்தல். அதாவது, பிரிந்தவர் வரும்வரை மனந்தளராது ஆற்றியிருத்தல். காத்திருப்பதற்கே ஒரு பூவின் பெயரை இட்டவர்களின் பிள்ளைகள் நாம். காத்திருக்கும் வீட்டில் பூ இருக்கலாகாது என்று சொல்வது எமது மரபாகாது.

இந்நாட்டின் வரலாற்றிலேயே எமக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1940 ஆம் ஆண்டில் ஜேர்மனியப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது, அந்நாட்டின் இளவரசி யூலியானா தம் இரு பெண் குழந்தைகளுடன் கனடாவுக்கு வந்து ஒட்டாவாவில் தஞ்சமடைந்தார். 1943 ஜனவரி 19 இல் அங்கே அவருக்கு மூன்றாவது மகள் பிறந்தார். 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி கொடும் பஞ்சத்தில் வீழ்ந்தது. உண்பதற்கு ஏதுமற்ற மக்கள் ரியூலிப் பூவின் கிழங்குகளையே உணவாக்கினர். பொருளாதாரத் தடைக் காலத்தைக் கடந்து வந்த எம்மவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்நாட்டை விடுவிக்கும் போரில் 7,600 க்கும் அதிகமான கனேடியப் படையினர் உயிர்நீத்தனர். 1945 இலையுதிர் காலத்தில் நெதர்லாந்து கனடாவுக்கு ஒரு நன்றிக் காணிக்கை அனுப்பியது: ஒரு இலட்சம் ரியூலிப் கிழங்குகள். இன்றுவரை ஆண்டுதோறும் அங்கிருந்து கிழங்குகள் வருகின்றன. 1953 ஆம் ஆண்டு தொடக்கம் மே மாதத்தில் ஒட்டாவாவில் நடைபெறும் ரியூலிப் விழாவின் கதை இதுவே.

"அவர் இளவரசி, நாம் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள்" என்று ஒருவர் சொல்லலாம். வேறுபாடு உண்மையே. ஆனால் ஒட்டாவாவின் கரைகளில் வசந்த காலத்தில் நிறம் நிறைந்திருப்பதற்குக் காரணம், தஞ்சம் தேடி வந்த ஒரு குடும்பத்தின் நன்றி. தன் நாட்டை மறந்தவர் எவரும் தன் நாட்டுப் பூவை இன்னொரு மண்ணில் நடுவதில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். எமது மாதங்களைக் கொண்டே இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வளவில் சிறிது நிலம் உள்ளவர்கள் ஐப்பசியில், நிலம் உறைவதற்கு முன்னர், ரியூலிப் கிழங்குகளை 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில், கூர்முனை மேல்நோக்கியிருக்க நட வேண்டும். மூன்று மாதங்களுக்குக் குறையாத குளிர் அக்கிழங்குகளுக்குத் தேவை. அது இல்லாவிடின் நன்கு பூக்கமாட்டா. எம்மை வருத்தும் அதே குளிர்தான் அவற்றைப் பூக்கச் செய்கின்றது. பங்குனியில் பனியின் ஓரத்திலேயே குரோக்கஸ் தலைகாட்டும். சித்திரையில் ரியூலிப் மலரும். அணில்கள் ரியூலிப் கிழங்கைக் கிளறித் தின்னும். டஃபடில் கிழங்கைத் தொடா. இரண்டையும் கலந்து நடுவது நன்று.

தொடர்மாடியில் வாழ்பவர்களுக்கு அமரில்லிஸ் ஏற்றது. பெரிய வெங்காயம் போன்ற அதன் கிழங்கைச் சிறு பூச்சாடியில் மேற்பகுதி வெளியே தெரியும்படி நட்டு, அளவாக நீர் ஊற்றி, வெளிச்சமான யன்னலில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கும். கார்த்திகை பிறந்ததும் நட்டால் தைப்பொங்கலையொட்டி மலரும். தெற்கு நோக்கிய யன்னலே குளிர்காலத்தில் அதிக வெயில் பெறுவது. செவ்வரத்தைச் சாடி இருப்பின் அதனையும் அங்கேயே வைக்கலாம். ஓர் எச்சரிக்கை: அமரில்லிஸ், டஃபடில், ஹயசின்த் ஆகியவற்றின் கிழங்குகள் நஞ்சுடையவை. வெங்காயத்தோடு மாறுபடாதவாறு அவற்றைச் சமையலறைக்குப் புறம்பாக, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நீர் ஊற்றும் பொறுப்பை வீட்டிலுள்ள பெரியவரிடமே ஒப்படையுங்கள். பூவைக் காண்பதைவிட அதற்காகக் காத்திருப்பது பெரிய ஆறுதல். இன்று தண்டு எத்தனை விரற்கடை உயர்ந்தது என்று மாலையில் பேரப்பிள்ளைக்குச் சொல்வதற்கு அவரிடம் ஒரு செய்தி இருக்கும்.

இதுவும் இயலாதவர்களுக்கு நகரத்தின் நடுவே அலன் தோட்டம் உண்டு. 1910 இல் அமைக்கப்பட்ட கண்ணாடிக் கூரையுடைய அதன் பனைமர மண்டபத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே வாழையும் பனை வகைகளும் பச்சைப் பசேலென நிற்கின்றன. எம்மவர் பலர் இந்நகரில் முதன்முதலாகக் குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடிகளிலிருந்து நடந்து செல்லும் தூரந்தான். முதியோர் அமைப்புகள் கோடையில் ஒழுங்கு செய்யும் சுற்றுலாக்களோடு, மாசியில் ஒரு நாள் இங்கே அழைத்துச் செல்வதையும் தமது நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாடசாலைகள் மாணவருக்கு ஆளுக்கொரு கிழங்கைக் கொடுத்து, வீட்டிலுள்ள தாத்தா பாட்டியோடு சேர்ந்து நடச் சொல்லலாம்.

அடுத்த வார இறுதியில் பலசரக்குக் கடைக்குச் செல்லும்போது, அரிசி மூட்டையோடு ஒரு கிழங்கையும் வாங்கி வாருங்கள். அதனை அம்மாவின் யன்னலில் வையுங்கள்.