உம்மாவின் சீட்டுக் காசும் எண்ணெய்க் கம்பனிப் பங்கும்

உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த மூன்று இலட்சம் ரூபாய் சென்ற மாதம் கைக்கு வந்தது. நான் பல்கலைக்கழகம் போனால் விடுதி, போக்குவரத்து, புத்தகச் செலவுக்கென்று ஒதுக்கிய காசு அது. அன்றிரவே சாச்சா வீட்டுக்கு வந்தார். "காசைச் சும்மா வைக்காதீங்க நானா. எண்ணெய்க் கம்பனிப் பங்கு வாங்கிப் போடுங்க. நாடு எப்படிப் போனாலும் சனம் பெற்றோல் அடிக்கத்தானே வேணும்" என்றார். "அது சூது" என்று வாப்பும்மா ஒரே வார்த்தையில் முடித்தார். முச்சக்கரவண்டி ஓட்டும் என் வாப்பா என்னைப் பார்த்தார். "நீதானே மகள் கொமர்ஸ் படிக்கிறாய். நீ சொல்லு."

பரீட்சையில் புள்ளிக்காக எழுதிய விடயத்தை முதன்முறையாக எங்கள் வீட்டுக்காக யோசித்தேன்.

முதலில் வாப்பும்மாவின் கவலை. பங்கு வாங்குவது ஒரு தொழிலில் கூட்டாளியாவதுதான். இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு. ஆகவே அதையே சூது என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பனியின் கணக்கைப் பார்க்க வேண்டும். இஸ்லாமிய நிதித்துறைக்கு நியமங்கள் வகுக்கும் அயோஃபி அமைப்பின் அளவுகோல்படி, கம்பனியின் வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தையும், ஆகாத வழியில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 வீதத்தையும் தாண்டக் கூடாது. இவை எதையும் பார்க்காமல், யாரோ "ஏறும்" என்று சொன்னதற்காக வாங்கினால், வாப்பும்மா சொன்னதற்கு வெகு அருகில் போய்விடுகிறோம்.

அடுத்தது சாச்சாவின் வாதம். அவர் மனதில் இருப்பது 2022. கொழும்பு பங்குச் சந்தையில் உள்ள லங்கா ஐஓசி பங்கின் விலை அந்த வருடம் பல மடங்கு உயர்ந்தது. கம்பனியும் பெரும் இலாபம் ஈட்டியது. "அப்ப வாங்கியிருந்தா, வரிசையில நின்ற நட்டமெல்லாம் திரும்பி வந்திருக்கும்" என்கிறார்.

அந்த வருடம் எனக்குப் பதினான்கு வயது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. வாப்பா இரவில் வண்டிக்குள்ளேயே தூங்கி வரிசையில் கிடந்தார். பிறகு கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். அதனால் சாச்சாவின் பேச்சை என்னால் இலேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பெற்றோல் விலை ஏறினால் வாப்பாவுக்கு நட்டம், பங்குக்கு இலாபம். ஒன்று மற்றதை ஈடுசெய்யும் என்பது புத்தியான கணக்குத்தான்.

ஆனால் பெற்றோல் விலை ஏறினால் பங்கும் ஏறும் என்பது சட்டமல்ல. உலக விலை ஏறும்போது உள்நாட்டு விலையை உயர்த்த முடியாமல் போனால், விற்கும் ஒவ்வொரு லீற்றரிலும் கம்பனி நட்டப்படலாம். 2023இல் சினோபெக்கும் இங்கே எரிபொருள் விற்க வந்தது, போட்டி கூடியது. லங்கா ஐஓசி பங்கும் அதன் உச்ச விலையிலிருந்து பின்னர் வெகுவாக இறங்கியது. உலகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 20ஆம் திகதி, அமெரிக்க மசகு எண்ணெயின் முன்பேர விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி கம்பனிக்காகத் துளையிட்ட மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டே மாதங்களில் அந்தக் கம்பனியின் பங்கு விலை பாதியாகி, பங்கிலாபமும் நிறுத்தப்பட்டது. அந்தப் பங்கிலாபத்தை நம்பியிருந்தவர்களில் ஓய்வூதியர்களும் இருந்தார்கள்.

நல்ல கம்பனியின் பங்கு விழுந்தாலும் மீண்டும் எழலாம். அதுவரை காத்திருக்க முடிந்தவருக்கு அது பொருத்தம். எங்கள் மூன்று இலட்சத்துக்கோ ஒரு திகதி இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் அது தேவை. அன்று பங்கு விழுந்திருந்தால் நட்டத்துக்கு விற்றுத்தான் நான் விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். "எவ்வளவு கூடும்?" என்பதற்கு முன்னால் "எப்போது தேவை?" என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பங்கு வாங்கிய பிறகு பெற்றோல் விலை ஏறும் செய்தி கேட்டு நான் சந்தோஷப்படுவேனோ என்று பயந்தேன். அதே நேரம் வாங்காததால் நாங்கள் சுத்தமானவர்களும் அல்ல. பெற்றோலில் ஓடும் வண்டிதான் எனக்குச் சோறு போட்டது. ஆகவே வாங்குபவரை நான் குறை சொல்லவில்லை.

வாப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். சீட்டுக் காசு முதாரபா கணக்குக்குப் போனது. சாச்சாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஐந்து, பத்து வருடங்களுக்குத் தேவைப்படாத சிறு தொகை எப்போதாவது மிஞ்சினால், அவரோடு உட்கார்ந்து வருடாந்த அறிக்கையைப் படிப்போம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர்களே, காசு பற்றிய பேச்சு வரும்போது எங்களை அறைக்குள் அனுப்பாதீர்கள். கணக்கீட்டுப் புத்தகத்தில் நாங்கள் படிப்பது உங்கள் வீட்டுக் காசைப் பற்றியும்தான்.