ஏழு நாள் கேம்ப் போதாதுங்க

எங்க பக்கத்து கிராமங்களுக்கு வருஷாவருஷம் என்.எஸ்.எஸ். பசங்க வர்றாங்க. ஏழு நாள் தங்கி ஏரிக்கரையில கன்னு நடுவாங்க, சீமைக்கருவேலத்தை வெட்டுவாங்க. ஆர்வத்துல குறையே சொல்ல முடியாது. ஆனா கன்னு தண்ணி கேக்குறது சித்திரை வெயில்ல. கருவேலத்தை வேரோட தோண்டலேன்னா அடுத்த மழைக்கே துளிர்த்திடும். அப்போ பசங்க இங்க இருக்க மாட்டாங்க.

1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. முகாம் போக, ஒரு மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷம் சேவை செய்யணும். கணக்குப் பார்த்தா மாசம் பத்து மணி நேரம். அந்த நேரத்தை உள்ளூர் ஏரிப் பாதுகாப்புக் குழுவோட கழிக்க விட்டா என்ன? எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கு, எந்த மதகு ஒழுகுதுன்னு குழுவுக்குத் தெரியும், ஆள்பலம்தான் இல்லை. கரையை அளந்து வரைபடம் போட, மனு எழுத பசங்களுக்கு வரும். குழுவும் அவங்களைக் கூலியில்லாத ஆளா நினைக்காம, வேலையைச் சொல்லிக் கொடுக்கணும்.

உங்க பிள்ளை என்.எஸ்.எஸ்.ல இருந்தா, போன வருஷம் நட்ட கன்னுல எத்தனை உயிரோட நிக்குதுன்னு கேட்டுப் பாருங்க.