சிரிப்பு குறையவில்லை, ஆனாலும்…

சென்ற ஞாயிறு மயிலாப்பூர் சபா ஒன்றில் நகைச்சுவை நாடகம். இடைவேளையில் காபிக்கு நின்றபோது முன்னால் இருந்தவர் நண்பரிடம் பொருமினார். "போன தடவை அந்தப் பொண்ணு பார்க்கிற சீன்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். இப்ப தூக்கிட்டாங்க. மாத்துறாங்கன்னா முதல்லயே ஒழுங்கா எழுதலைன்னுதானே சார் அர்த்தம்?" நண்பரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இந்த வாரம் முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மேடையேறிய பிறகு காட்சியைத் திருத்துகிறவரை ஏன் குற்றவாளியாகப் பார்க்கிறோம்? எந்த வரிக்குச் சபை சிரிக்கும் என்று ஒத்திகையில் தெரியாது. நடிகர்களுக்கு அந்த வசனம் பழகி மரத்துப்போயிருக்கும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் சிரிக்க வேண்டும், அல்லது இரும வேண்டும். அதைக் கேட்ட பிறகும் பேனாவை எடுக்காத ஆசிரியரிடம்தான் எனக்குக் குறை உண்டு.

ஒரு பழைய உதாரணம். நாடகாசிரியர் ஷெரிடனுக்கு அப்போது 23 வயது. 1775 ஜனவரி 17 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் 'தி ரைவல்ஸ்' அரங்கேறியது. நாடகம் மிக நீளம், ஒரு முக்கிய நடிகர் சொதப்பினார், கூட்டம் கூச்சலிட்டது. ஷெரிடன் நாடகத்தை நிறுத்தினார், வெட்டினார், திருத்தினார், அந்த நடிகரையும் மாற்றினார். ஜனவரி 28 அன்று அதே மேடையில் மறுபடி ஏற்றினார். ஆங்கில மேடையில் இன்றும் நடிக்கப்படுவது அந்தத் திருத்திய நாடகம்தான்.

ஆனால் ஷெரிடனின் சிக்கல் எளிது. தோற்றுப்போன நாடகத்தைத் திருத்த யாருக்கும் கட்டாயம் இருக்கும். சிரிப்பு வந்துகொண்டிருக்கும்போதே கை வைப்பதற்குத்தான் துணிவு வேண்டும். அந்தத் துணிவைச் சொல்லும் ஒரு புத்தகம் உண்டு. நாடகாசிரியர் மாஸ் ஹார்ட் 1959-ல் வெளியிட்ட தன்வரலாறு, 'ஆக்ட் ஒன்'. நாடகம் எழுத நினைக்கும் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

நியூயார்க்கின் வறுமையில் வளர்ந்த ஹார்ட், 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' என்ற நாடகத்தை எழுதுகிறார். பேசும் படம் வந்த புதிது; மூன்று மேடைக் கலைஞர்கள் ஹாலிவுட் நடிகர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறோம் என்று கிளம்பிப் போகிறார்கள். கூட்டு ஆசிரியராகச் சேர்ந்தவர் அன்று பிராட்வேயில் கொடிகட்டிப் பறந்த ஜார்ஜ் எஸ். காஃப்மன். நியூயார்க்குக்குக் கொண்டுபோகுமுன் வெளியூர்களில் ஆடிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வோர் இரவும் காஃப்மன் அரங்கின் பின்வரிசைக்குப் பின்னால் நடந்தபடி சபையைக் கேட்பார். முதல் அங்கம் கொண்டாட்டம். மூன்றாவது அங்கத்தில் நாடகம் படுத்துவிடும். மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒரு கட்டத்தில் காஃப்மனே இது தேறாது என்று கைவிட்டார். புதிய யோசனைகளோடு போய் ஹார்ட்தான் அவரை மீட்டுக்கொண்டுவந்தார்.

ஃபிலடெல்ஃபியாவில் தயாரிப்பாளர் சாம் ஹாரிஸ் ஒரு விஷயம் சொல்கிறார்: நாடகத்தில் சத்தம் அதிகம். காதால் கேட்கும் சத்தத்தை அவர் சொல்லவில்லை. மேடையில் எப்போதும் கூட்டம், பரபரப்பு, அடுத்தடுத்து நகைச்சுவை. இரண்டு பேர் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் இடமே இல்லை. பார்ப்பவர் களைத்துவிடுகிறார்.

அந்தப் பக்கங்களை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குப் படபடப்பு வருகிறது. ஏனென்றால் ஹார்ட் வெட்டத் துணிந்தது மூன்றாம் அங்கத்தின் ஆடம்பர விடுதிக் காட்சியை, ஹாரிஸ் பணத்தைக் கொட்டிப் போட்ட செட்டை. அதற்குப் பதிலாக முதல் அங்கத்தில் வந்த அதே ரயில் பெட்டி. ஊர் திரும்பும் மே என்ற பெண், ஹாலிவுட்டில் வேலையே கொடுக்கப்படாமல் காத்திருந்து நொந்துபோன நாடகாசிரியர் லாரன்ஸ் வெயிலை அங்கே சந்திக்கிறாள். இருவரும் பேசுகிறார்கள். அவ்வளவுதான். நாடகம் மூச்சு வாங்கிக்கொண்டது, கடைசிக் காட்சிக்குச் சபையிடம் தெம்பு மிஞ்சியது. வெயிலாக நடித்தவர் யார் தெரியுமா? காஃப்மனேதான்! நாற்பது வயது ஜாம்பவான், இருபத்தைந்து வயதுப் புதியவரின் யோசனையை ஏற்றுக்கொண்டு அதற்கான வசனத்தைத் தானே மேடையில் பேசினார்.

1930 செப்டம்பர் 24 அன்று பிராட்வேயில் திரை ஏறியது. மொத்தம் 406 காட்சிகள். முதல் இரவின் முடிவில் காஃப்மன் மேடையில் நின்று, இந்த நாடகத்தில் எண்பது சதவீதம் மாஸ் ஹார்ட்டுடையது என்று அறிவித்தார். அது பெரிய மனிதரின் தாராளம். நாடகப் பிரதியையும் 'ஆக்ட் ஒன்'னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்திருக்கிறேன். ரயில் காட்சியில் எந்த வரி யாருடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த இடத்தில் அந்தக் காட்சி வந்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடித்தவர் ஹார்ட். அதற்கு மட்டும் நான் நூறு சதவீதம் கொடுப்பேன்.