அச்சத்தை மூலதனமாக்கும் கொள்ளை

‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. ஆயினும் அப்பெயரைச் சொல்லியே முதியோர் பலரின் வாழ்நாள் சேமிப்பு பறிக்கப்படுகிறது. சிபிஐ, அமலாக்கத்துறை அதிகாரிகளாக வேடமிட்ட கும்பல்கள் காணொலி அழைப்பில் தோன்றுகின்றன. போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டி நாட்கணக்கில் வீட்டுக்குள்ளேயே முடக்குகின்றன. வைப்புத்தொகையைக் கலைத்து, ‘சரிபார்ப்புக்காக’த் தாங்கள் சொல்லும் கணக்கிற்கு மாற்றச் செய்கின்றன.

ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர், உச்சநீதிமன்றத்தின் பெயரிலேயே தயாரிக்கப்பட்ட போலி ஆணைகளை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அவர்களது புகாரின் பேரில் 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்தது. டிசம்பர் 1 அன்று இத்தகைய மோசடிகளை நாடு முழுவதும் விசாரிக்குமாறு சிபிஐக்கு உத்தரவிட்டது. இணையவழி நிதி மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி. இவை நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே அளித்த கணக்குகள்.

ஆனால் அரசின் பதில் பெரும்பாலும் எச்சரிக்கை வாசகங்களோடு நின்றுவிடுகிறது. ‘நில், சிந்தி, செயல்படு’ என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அறிவுரை கூறினார். ஏமாந்தவரே பொறுப்பு என்பதே இதன் உட்பொருள். விசாரணை அமைப்புகளை அரசியல் எதிரிகள் மீது ஏவி, அவற்றின் பெயரைக் கேட்டாலே குடிமக்கள் நடுங்கும் நிலையை உருவாக்கியது யார்? அந்த அச்சமே மோசடிக்காரர்களின் மூலதனம்.

வங்கிகளின் பொறுப்பும் சிறிதன்று. நூறு நாள் வேலைத் தொழிலாளியிடம் ஆவணத்திற்கு மேல் ஆவணம் கேட்கும் அமைப்பில், கூலிக்குப் பிறர் பெயரில் திறக்கப்பட்ட கணக்குகள் வழியே கோடிகள் கடந்துசெல்வது எப்படி? வங்கி ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்து, முதியவரைக் கைப்பேசியிடம் ஒப்படைத்த கொள்கைக்கும் இதில் பங்குண்டு.

2004 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் மறுக்கப்பட்டது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இந்நிலையில் மொத்தமாகக் கிடைக்கும் பணமே முதுமையின் ஒரே பிடிமானம். அது பறிபோனால் மீண்டும் சம்பாதிக்க வயதும் இல்லை, வழியும் இல்லை.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியோருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தரவேண்டும் என்பது விதி. அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அந்தச் சுமையைச் சமமாக ஏற்கின்றன. தன் பணம் போகும் என்றால் வங்கி விழிப்படையும். இங்கும் அத்தகைய சட்டம் வேண்டும். முதியோர் கணக்கிலிருந்து வழக்கத்திற்கு மாறாகப் பெருந்தொகை செல்லும்போது கட்டாயக் காத்திருப்பு நேரமும், வங்கி ஊழியரின் நேரடி விசாரிப்பும் வேண்டும்.

இக்கோரிக்கைகளை ஓய்வூதியர் அமைப்புகளோடும் வங்கி ஊழியர் சங்கங்களோடும் இணைந்து முன்னெடுக்க வேண்டும். கூடவே, கிளைகள் உடனே செய்யக்கூடிய பணியும் உண்டு. எந்த அமைப்பும் காணொலியில் எவரையும் கைது செய்யாது. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 எண்ணை அழைக்க வேண்டும். இவ்விரு செய்திகளையும் தனித்து வாழும் முதியோரின் வீடுகளுக்குத் தோழர்கள் நேரில் கொண்டுசெல்ல வேண்டும். தனிமையில் இருப்பவரையே மோசடி எளிதில் வெல்கிறது. அத்தனிமையை உடைப்பது அமைப்பின் கடமை.