கால்வாய்க்கு முதுகு காட்டும் நகரம்

வெள்ளவத்தையிலே காலி வீதிப் பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்ளாத பழைய மாணவர் நம்முள் எத்துணைப் பேர்? பாலத்தின் கீழே கிடப்பது வெறும் கான் அன்று. கடலிலே சென்று கலக்கும் கால்வாய். கொட்டாஞ்சேனைப் பக்கத்தவருக்குச் சென் செபஸ்தியன் கால்வாய் உண்டு. கொழும்பின் கால்வாய்கள் பல ஒல்லாந்தர் காலத்திலே சரக்கு வள்ளங்கள் சென்ற வழிகள். குளத்தை நோக்கிக் கோயில் வாசல் வைத்த மரபினர் நாம். கொழும்பிலோ முன்வாசல் வீதிக்கு, கழிவுக் குழாய் கால்வாய்க்கு!

2010 நவம்பர் மழையிலே பாராளுமன்றத்துள்ளும் வெள்ளம் புகுந்தது. 2012இல் உலக வங்கியின் 21 கோடி 30 இலட்சம் டொலர் கடனுடன் பெருநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. கால்வாய்கள் தூர்வாரப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன. பாராட்டத்தக்க பணியே. ஆயினும் கரை அழகானதும் நீர் தூய்மையாகிவிடாது. கால்வாயைப் பேணுவது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். வடிகானும் குப்பையும் மாநகர சபையின் பொறுப்பு. நிலத்தைத் திட்டமிடுவது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தாலான நகர அபிவிருத்தி அதிகார சபை. துர்நாற்றத்துக்கு யார் பொறுப்பு? விடை மூன்றாகப் பிரிந்து போகின்றது.

கரையோரக் குடிசைகளே நீரைக் கெடுத்தன என்று கூறி, அங்குள்ளோரை மாடி வீடுகளுக்குப் பெயர்த்தல் எளிது. அன்றாடக் கூலிக்குச் செல்வோர்க்குத் தொழிலிடம் தூரமாயின், புது வீட்டின் சுவர் சோறு போடுமா? தென்கொரியாவின் சியோல் நகரத்தார், செங்கேச்சோன் ஓடையை மூடிநின்ற பெருந்தெருவை இடித்தகற்றி, 2005இல் 5.8 கிலோமீற்றர் நீரோட்டத்தை மீட்டனர். உலகம் போற்றிய அப்பணியிலும் தெருவோரச் சிறு வணிகர் இடம்பெயர்க்கப்பட்டனர். அவ்வழகைப் பார்க்கும் நாம் அவ்விழப்பையும் பார்த்தல் வேண்டும்.

சட்டம் இங்கே திருந்துதல் வேண்டும். நீர், கரை, கழிவு ஆகிய மூன்றுக்கும் ஒரே அமைப்பு விடை கூறும் நிலை வரவேண்டும். கழிவுக் குழாய் பொதுக் குழாயுடன் இணைந்தமையைக் காட்டாத தொடர்மாடிக்குக் குடியிருக்கும் அனுமதி வழங்கலாகாது. அது கரையோரத்தார் எவரையும் விரட்டாது. வசதியுள்ள நமக்குச் சிறிது பணச்செலவே. அதனாற்றான் போலும், இதனைப் பேசுவோர் அரியர்!

இம்மலரைக் கையிலேந்தும் பொறியியலாளரும் உத்தியோகத்தரும் வீட்டுச் சொந்தக்காரரும் நம் கல்லூரியின் பிள்ளைகளே. அடுத்த மாரி தொடங்குமுன், தத்தம் தொடர்மாடியின் குழாய் எங்கே சென்று முடிகின்றதென்று ஒருமுறை விசாரித்தறிவார்களாக.