சங்கு எந்த மொழியில் ஊதுகிறது?

ஆலைச் சங்குக்கு மொழி இல்லை. அது ஊதினால் தமிழனுக்கும் கேட்கும், அயலானுக்கும் கேட்கும். ஆனால், அச்சங்கு எப்பொழுது ஊதவேண்டும், எவ்வளவு நேரம் ஊதவேண்டும், அது ஊதும்போது எந்தக் கதவு திறக்கவேண்டும், எந்தக் கதவு பூட்டியே இருக்கவேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும் பொறியொன்று உண்டு. வாயிற்காவலரின் அறைச்சுவரில் அதன் விசைத்தட்டு பதிந்திருக்கின்றது. பத்து எண்விசைகளும் இரண்டு வரித் திரையொன்றும் அதன் முகம். அந்தத் திரைக்கு மொழி உண்டு. அம்மொழி தமிழன்று!

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஏரியும் கழனியுமாய்க் கிடந்த நிலம் இன்று ஆலைக்காடாகிவிட்டது. செருமானியன் வந்தான், சப்பானியன் வந்தான், கொரியன் வந்தான், பிரெஞ்சுக்காரன் வந்தான். ஒரகடத்தில் ரெனோ-நிசான் மகிழுந்து ஆலை 2010-இல் தொடங்கியது. வந்தவர் எவரும் தம் மொழியை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. அவர்தம் நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்படும் எச்சரிக்கைப் பொறிகள் அவ்வந்நாட்டு மொழியிலேயே பேசுகின்றன. கடையில் விற்கும் பொறிகள் பலவற்றின் அமைப்புப் பட்டியலில் ஐரோப்பிய மொழிகள் வரிசையாய் நிற்கின்றன, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆலை நிற்கும் மண்ணின் மொழி மட்டும் அப்பட்டியலில் பெரும்பாலும் இல்லை. இஃது அழகுக் குறையன்று; உயிர்க் குறை. எங்ஙனம் என்பதை அப்பொறியின் உள்ளமைப்பை அறிந்தார் உணர்வர்.

கட்டுப்பாட்டுப் பேழை ஒன்று. அதனோடு கம்பியால் இணைந்த உணரிகள் பல. புகையை உணர்வது ஒன்று, வெப்பத்தை உணர்வது ஒன்று, கதவு திறப்பதை உணர்வது ஒன்று. இவை செய்தியை உள்ளே கொண்டுவருவன. பேழை அச்செய்திக்குத் தரும் விடையே வெளியீடு. சங்கு ஒரு வெளியீடு. சுழல்விளக்கு ஒரு வெளியீடு. கதவுப் பூட்டை விடுவிப்பதும் ஒரு வெளியீடு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எந்த உணரி அதனைத் தூண்டவேண்டும், எவ்வளவு நேரம் அது நிலைக்கவேண்டும், ஓய்வில் அது திறந்திருக்குமா மூடியிருக்குமா என்பவற்றை விசைத்தட்டின் வழியே ஒருவர் எண்களாக இடுகின்றார். அதுவே நிரலமைத்தல்.

இவ்விடத்தில் ஓர் எண் பிழைத்தால் என்னாகும்? கதவை இறுக்கிப் பிடிக்கும் மின்காந்தப் பூட்டைக் கருதுக. அதற்குரிய வெளியீட்டைத் தீயுணரியோடு பிணைத்திருந்தால், புகை எழுந்தவுடன் மின்னோட்டம் நின்று கதவு விடுபடும். அப்படிப் பிணைக்காமல் திருட்டை உணரும் உணரியோடு மட்டும் பிணைத்துவிட்டால், தீப்பிடித்த வேளையிலும் அப்பூட்டு தன் கடமையைத் தவறாது செய்துகொண்டிருக்கும்! சங்கு ஐந்து மணித்துளியில் அடங்குமாறு அமைத்திருந்தால், உறக்கத்திலும் இரைச்சலிலும் அதனைக் கேளாதவர் பின்பு கேட்கவே மாட்டார். ஆலையில் பூட்டி வந்த 1234 என்னும் மறையெண்ணை மாற்றாது விட்டால், திருடனும் அவ்வெண்ணை அறிவான்.

இவற்றை அமைப்பவர் ஒருநாள் வந்து அமைத்துவிட்டுப் போய்விடுகின்றார். அதன் முன்னே இரவெல்லாம் விழித்திருப்பவர் யார்? ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் காவலர். திரையில் ‘லோ பேட்டரி’ என்று மின்னுகின்றது. பொறி விட்டுவிட்டுக் கூவுகின்றது. துணைமின்கலம் தளர்ந்துவிட்டது, மின்சாரம் நின்றால் காவலும் நின்றுவிடும் என்று அது கதறுகின்றது. கதறும் மொழி காவலர்க்கு விளங்கவில்லை. அவர் கற்றுக்கொள்வது ஒன்றே: கூவலை அடக்கும் விசை எது என்பது. அதனை அழுத்துகின்றார், ஒலி அடங்குகின்றது, இடர் அடங்கவில்லை. அவரைப் பழிப்பதில் பொருளில்லை. விளங்காத மொழியில் ஓயாது கத்துவதை எவரும் இரைச்சல் என்றே கொள்வர்.

ஒலி எழுந்தால் மட்டும் போதாது, அதன் பொருளும் விளங்கவேண்டும் என்பதற்கு உலகம் கண்ட கொடிய சான்று ஒன்றுண்டு. வங்காள நாட்டின் தாக்காவை அடுத்திருந்த தசுரீன் என்னும் ஆடை ஆலையில் 2012 நவம்பர் 24-ஆம் நாள் தீப்பிடித்தது. எச்சரிக்கை ஒலித்தது. ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேலாளர் சொன்னதாகப் பிழைத்தவர் உரைத்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கே தீ, எந்தத் தளத்தில், எவ்வழி செல்க என்று அவ்வொலி அவர்தம் தாய்மொழியில் கூறியிருக்குமாயின் மேலாளரின் சொல் அங்கே எடுபட்டிருக்குமோ?

‘தமிழ் எழுத்து பல; திரை சிறிது; இயலாது’ என்பார் உளர். இவ்விசைத்தட்டுகளில் நெடுங்காலம் வழங்கிய எழுத்துத்திரைகளின் வரலாறே அவர்க்கு விடை. சப்பானின் இட்டாச்சி நிறுவனம் வகுத்த திரைச்சில்லில் ஓர் எழுத்துக்கு அகலம் 5 புள்ளி, உயரம் 8 புள்ளி. அக்குறுகிய கட்டத்துக்குள் ஆங்கில எழுத்தோடு தம் கட்டகன எழுத்தையும் சப்பானியர் பொறித்து வைத்தனர். எவரையும் கேட்டு அவர் அதனைச் செய்யவில்லை. தம் பொறி தம் மொழி பேசவேண்டும் என்னும் உணர்வு இருந்தது, செய்தனர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஈழத்து முத்தையா முன்னரே ஆக்கிக் காட்டவில்லையா? 1999-இல் தமிழ்நாட்டரசு கணினிக்கெனத் தமிழ்99 விசைப்பலகையை ஏற்கவில்லையா? இன்றோ புள்ளித்திரை போய்ப் படத்திரை வந்துவிட்டது. எந்த எழுத்தையும் அது காட்டும். இயலாமை என்பது இனிப் பொய்.

அப்பொய்யைத் திருப்பெரும்புதூரே அம்பலப்படுத்தியது. அங்கு 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையிலிருந்து விசைத்தட்டுக் கைப்பேசிகள் கோடிக்கணக்கில் புறப்பட்டன. அந்நிறுவனத்தின் எளிய கைப்பேசிகள் திரையில் தமிழைக் காட்டின. ஏன்? தமிழன் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. விற்கும்போது தமிழ் வேண்டும்; காக்கும்போது தமிழ் வேண்டா! வாங்குபவனின் மொழிக்கு உள்ள விலை, உழைப்பவனின் மொழிக்கு இல்லை. ஈதன்றோ வணிகத்தின் அறம்!

‘இன்று ஆலைகளில் வடவரும் ஒடியரும் மிகுந்துவிட்டனர்; தமிழால் அவர்க்கு என்ன பயன்?’ என்று வினவுவாரும் உளர். வினா முறையானதே. அதற்கு விடை ஆங்கிலம் அன்று. அவருள் பலர்க்கு ஆங்கிலமும் தெரியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 108-ஆம் பிரிவில், ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. சட்டங்கள் மாறலாம்; அதன் உள்ளறம் மாறாது. மண்ணின் மொழி முதலில். உடனுழைப்பார் மொழி அதனையடுத்து. ஒடியத் தொழிலாளியின் உயிரும் உயிரே. தன் மொழிக்கு உரிமை கேட்பவன் பிறன் மொழியை மறுக்கமாட்டான்.

எனினும் குறை முழுதும் அயலார்மேல் ஏற்றத்தக்கதன்று. தமிழன்பர் பலர் சொல்லாக்கத்தை ஏட்டோடு நிறுத்திக்கொண்டனர். உணரி, வெளியீடு, நிரல் என்னும் சொற்கள் மேடையில் முழங்குகின்றன. சுவரில் கம்பியிழுக்கும் இளைஞன் செவிக்கு அவை எட்டவில்லை. அவன் கையில் ஆங்கிலக் கையேடு ஒன்றே உள்ளது. தொழிற்பயிற்சி நிலையங்களில் அவனுக்குத் தமிழ்க் கையேடு கொடுத்தவர் எத்துணைப் பேர்? வழங்காத சொல் வளமன்று. புதைத்து வைத்த பொன்.

இப்பணிக்குக் கோடி வேண்டா. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டா. விசைத்தட்டின் அருகே ஓர் அட்டை போதும்: ‘மின்கலம் தளர்ந்தது’, ‘மின்சாரம் நின்றது’, ‘கதவு திறந்துள்ளது’, ‘பொறியின் மூடி திறக்கப்பட்டது’, ‘கம்பி அறுந்தது’ என்று திரையில் தோன்றும் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் நேரே தமிழும், அப்பொழுது செய்யவேண்டுவதும். கத்தியைக் காட்டி மிரட்டும்போது காவலர் இடவேண்டிய நெருக்கடி மறையெண்ணின் பயனை வாய்மொழியாய்த் தமிழில் விளக்குக. குரலெழுப்பும் வெளியீடு உள்ள பொறியாயின், ‘தீ! கிழக்கு வாயில் வழியே வெளியேறுக!’ என்று தமிழில் பதிவு செய்க. அடுத்து உடனுழைப்பார் மொழியிலும் பதிவு செய்க. தீயுணரியைத் தூண்டினால் பூட்டு விடுபடுகின்றதா என்று திங்கள்தோறும் தொழிலாளர் முன்னிலையில் ஆய்ந்து காட்டுக. தொழிற்சங்கங்கள் கூலியுயர்வோடு இதனையும் கோரிக்கையாய் எழுப்புக. பொறி வாங்கும் ஆலைகள் ‘தமிழ் உண்டா?’ என்று விற்பவனைக் கேட்கத் தொடங்கினால், பட்டியலில் தமிழ் தானே வந்து நிற்கும்.

தமிழர் வழக்கில் சங்கு இருமுறை ஊதும்: ஒன்று விழிப்புக்கு, ஒன்று இறப்புக்கு. முதற்சங்கு விளங்கும் மொழியில் ஊதுமாயின் இரண்டாஞ்சங்குக்கு வேலை குறையும்.